விளக்கு எரியாமலே செத்துப்போன ஷாக்குகள்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். என் காரின் நான்கு மூலையிலும் அசல் தயாரிப்பாளரின் எலக்ட்ரானிக் ஷாக் அப்சார்பர் (இனிமேல் ஷாக்) மாற்றி ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. வாங்கின புதிதில் வண்டி எப்படி இருந்ததோ அதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. செலவு வலித்தது, ஆனால் வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் நான் அடித்த கூத்தின் மேல்தான், அதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஷாக்கை வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு விடை அந்தக் கூத்தில்தான் இருக்கிறது.

வண்டி ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி. வெறும் வண்டியே இரண்டரை டன். மாற்றும்போது 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முன்னால் ஸ்பிரிங்குக்குள்ளேயே ஷாக் இருக்கும் அமைப்பு. பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அந்தப் பின் ஷாக்கைச் சுற்றி ரப்பரில் ஒரு காற்றுப்பை, ஆள் ஏறி பெட்டி ஏற்றி பின்பக்கம் தாழ்ந்தால் கம்ப்ரஸர் ஓடி அதில் காற்றடித்து மட்டத்துக்குக் கொண்டுவரும். நான்குமே காந்த எண்ணெய் வகை. வண்டியின் பெயரை எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை, உங்களுடையது மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு வைத்த வகையாக இருந்தாலும் கீழே வருவதில் முக்கால்வாசி பொருந்தும்.

காந்த எண்ணெய் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு. எல்லா ஷாக்கிலும் வேலை ஒன்றுதான்: ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை எண்ணெயைச் சின்ன துளை வழியாகப் பிதுக்கி வெப்பமாக்கித் தீர்த்துவிடுவது. சாதாரண ஷாக்கில் அந்தத் துளையின் அமைப்பு தொழிற்சாலையில் வைத்தபடியேதான் இருக்கும், கெட்டி என்றால் எப்போதும் கெட்டி, மென்மை என்றால் எப்போதும் மென்மை. இதில் எண்ணெயோடு சில மைக்ரான் அளவே உள்ள இரும்புத் துகள் கலந்திருக்கும், பிஸ்டனுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் துகள்கள் சங்கிலி கோத்த மாதிரி வரிசைகட்டி எண்ணெய் கூழாகிவிடும், மின்சாரம் நின்றால் மறுபடி எண்ணெய். இதெல்லாம் நடப்பது சில மில்லிசெகண்டில். இப்படிப்பட்ட திரவத்தை 1940களிலேயே ஜேக்கப் ரபினோ என்பவர் அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார். காருக்குள் வந்தது 2002 மாடல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ்ஸில்தான். சாலையை ஒரு செகண்டுக்கு ஆயிரம் தடவை வரை படிக்கிறது என்று விளம்பரத்தில் போடுவார்கள். போட்டுக்கொள்ளட்டும், பொய் இல்லை. ஆனால் அந்த ஆயிரம் தடவையில் ஒரு தடவைகூட தன் எண்ணெய் எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. என் கதை முழுக்க இந்த ஒரு வரிதான்.

ஷாக் திடீரென்று சாவதில்லை, அதுதான் தொல்லை. ஒரு மைல் தூரத்துக்குச் சராசரியாக 1,750 தடவை ஷாக் வேலை செய்கிறது என்று ஷாக் செய்யும் மொன்ரோ நிறுவனம் ஒரு கணக்கு சொல்லும், கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல். அத்தனை தடவையும் பிஸ்டனின் தண்டு, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீலை உரசிக்கொண்டுதான் போய்வருகிறது, எண்ணெயில் இரும்புப் பொடி வேறு. தினமும் ஒரு துளி தேய்கிறது, ஓட்டுகிறவனும் தினமும் ஒரு துளி பழகிக்கொள்கிறான். எனக்கு முதலில் உறைத்தது என் அம்மா சொல்லித்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வந்தவர் இறங்கும்போது, “என்னப்பா இது, தொட்டில்ல போட்டு ஆட்டின மாதிரி இருக்கு, வயித்தைப் பிரட்டுது” என்றார். நான் சாலையைக் குறை சொன்னேன்.

அதற்குப் பிறகு கவனித்தால் எல்லாமே இருந்தது. வேகத்தடை ஏறி இறங்கினால் ஒரு தடவை அமர்ந்து நிற்க வேண்டிய வண்டி இரண்டு மூன்று தடவை தலையாட்டிவிட்டுத்தான் அடங்கும். பிரேக்கை மிதித்தால் முகம் தரையைப் பார்க்கும். நெடுஞ்சாலையில் பாலம் சாலையோடு சேர்கிற இடத்தில் பின்பக்கம் ஒரு நொடி மிதக்கும், பக்கத்தில் லாரி போனால் அந்தக் காற்றுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். பிறகு டயர். உள்ளங்கையால் டயரின் மேல்பரப்பைத் தடவிப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் டயரின் குற்றம் இல்லை, சக்கரம் தரையோடு ஒட்டாமல் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரைச் சொருகினார்கள். “சஸ்பென்ஷன்ல ஒரு எரர் கோடும் இல்ல சார், லைட்டும் எரியல, ஷாக் நல்லாதான் இருக்கு, டயரை மாத்துங்க.” மாற்றினேன். நான்கும் புதிது. ஒரு மாதம் சத்தமில்லாமல் இருந்தது, எட்டாயிரம் கிலோமீட்டரில் புது டயரிலும் அதே அலை.

அந்த ஸ்கேனர் பொய் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கம்பியில் மின்சாரம் போய்வருகிறதா, சுருளின் மின்தடை எதிர்பார்த்த அளவில் இருக்கிறதா, உயர சென்சார் சொல்வது நம்பும்படி இருக்கிறதா, இவ்வளவுதான். சீல் போய் எண்ணெய் வழிந்து, உள்ளே அடைத்திருந்த வாயுவும் இறங்கிப்போன ஷாக்கிலும் சுருள் முழுசாகத்தான் இருக்கும். நான் பிற்பாடு கழற்றிப்போட்ட நான்கு பழைய ஷாக்கிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், நான்கும் ஒன்றிலிருந்து இரண்டு ஓமுக்குள், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. மின்சாரக் கணக்கில் நான்கும் ஆரோக்கியம். கையால் தண்டை அழுத்தினால் ஒன்று உள்ளே போய் அங்கேயே படுத்துக்கொண்டது.

ஆகவே விளக்கு எரியவில்லை, ஷாக் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வண்டிக்குக் கீழே போய்ப் பாருங்கள். ஷாக்கின் மேல் லேசாக எண்ணெய்ப் பசை படிந்திருப்பது தப்பில்லை, தண்டு சீலைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் ஈரத்தைக் கொண்டுவரத்தான் செய்யும். ஷாக்கை வண்டியோடு பூட்டும் கீழ் மவுண்ட் வரை வழிந்து புழுதி ஒட்டி கறுப்புச் சேறாக இருந்தால் கதை முடிந்தது. பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுகிற பழைய சோதனை இருக்கிறதே, இரண்டரை டன் வண்டியில் அதைச் செய்தால் முதுகுதான் பிடித்துக்கொள்ளும், வேறு ஒன்றும் தெரியாது. இன்னொரு சோதனை செலவில்லாதது: ஷாக்கை மென்மையாக்கும் டூர் மோடிலிருந்து கெட்டியாக்கும் ஸ்போர்ட் மோடுக்குப் பட்டனில் மாற்றி ஒரே குண்டுகுழிச் சாலையில் போய்வந்து பாருங்கள். புதிதில் இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் இப்போது தெரியவில்லை என்றால் ஷாக்குக்குள் கெட்டியாவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

சரி, என் இரண்டாவது கூத்து. ஒரு மழைக்காலத்தில் விளக்கே எரிந்துவிட்டது. சஸ்பென்ஷனைச் சரிபார்க்கவும் என்று திரையில் எழுத்து, ஸ்கேனரில் இடது பின் ஷாக்கின் மின்சுற்றில் கோளாறு. எனக்கு ஒரே சந்தோஷம், கடைசியில் வண்டியே ஒத்துக்கொண்டது என்று. உடனே பின்பக்கத்துக்கு ஒரு ஜோடி வாங்கினேன், அசலின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, பெயர் தெரியாத பெட்டி, படத்தில் அச்சு அசலாக அதே போல இருந்தது. பூட்டினார்கள். விளக்கு அணையவில்லை.

கோளாறு ஷாக்கிலேயே இல்லை. பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் கம்பியில் உறை கிழிந்து, கனெக்டருக்குள் தண்ணீர் போய், உள்ளே இருக்கும் உலோக ஊசி பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. அரை மணி நேர வேலை, புது கனெக்டர், கொஞ்சம் கிரீஸ், விளக்கு போய்விட்டது. அதாவது மாற்ற வேண்டிய ஷாக்கைத்தான் மாற்றியிருக்கிறேன், ஆனால் தப்பான காரணத்துக்காகத் தப்பான பொருளைப் போட்டு மாற்றியிருக்கிறேன். விளக்கு எரிந்தால் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், சுருளை அளந்து பாருங்கள், அதற்கப்புறம் கடைக்குப் போங்கள்.

அந்த மலிவு ஜோடியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கனெக்டர் சரியாகப் பொருந்தியது, கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது, திரையில் ஒரு குறையும் இல்லை. ஓட்டினால்தான் தெரிந்தது, முதல் நாளிலிருந்தே டூரும் ஸ்போர்ட்டும் ஒன்றுதான். உள்ளே என்ன எண்ணெய் ஊற்றியிருந்தார்களோ, நான் அறுத்துப் பார்க்கவில்லை. ஏழாவது மாதம் வலதுபக்கக் காற்றுப்பை கசிய ஆரம்பித்து, ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும், சாவி போட்டதும் கம்ப்ரஸர் உறுமி உறுமித் தூக்கும். இது வெறும் எரிச்சல் இல்லை. கசிவு இருந்தால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் போய்விடும், அப்புறம் மலிவு என்று மிச்சம் பிடித்த பணம் அதற்கே காணாது. ஒன்பதாவது மாதம் இடது ஷாக் எண்ணெய் கக்கியது. ஆனால் இதில் பழி முழுக்கப் பெட்டிக்குப் போகாது. பூட்டும்போது தண்டு சுற்றுகிறது என்று பிளையரால் தண்டையே கவ்விப் பிடித்திருக்கிறார்கள், கழற்றியபோது பல்தடம் அப்படியே இருந்தது. குரோம் பூசின அந்தத் தண்டில் ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அது அரம் மாதிரி சீலை அறுக்கும்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். எதிரே இருந்த வழிகள் நான்கு. எலக்ட்ரானிக்கை முழுக்கக் கைகழுவிவிட்டு சாதாரண ஷாக் போட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒவ்வொரு கனெக்டரிலும் ஒரு ரெசிஸ்டர் பெட்டியைச் சொருகுவது முதல் வழி. நண்பர் ஒருவர் தன் வண்டியில் இதைச் செய்திருக்கிறார், ஒரு நாள் முழுக்க அதை ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் மோசமில்லை. சத்து போன எலக்ட்ரானிக் ஷாக்கைவிட நூறு மடங்கு மேல், செலவு பாதிக்கும் கீழே, அடுத்த தடவை மாற்றும்போதும் மலிவாக முடிந்துவிடும். எப்போதும் பாரம் ஏற்றுகிறவர்கள், மண் சாலையிலேயே கிடப்பவர்கள், வண்டியை இன்னும் பத்து வருஷம் வைத்து ஓட்டப் போகிறவர்கள் தாராளமாக இதை யோசிக்கலாம். எனக்கு ஒத்துவராததற்குக் காரணம், காலி வண்டியில் அது குலுக்கும், ஏழு பேர் ஏறினால் மிதக்கும், நடுவில் ஒரே ஒரு பாரத்துக்குத்தான் சரியாக இருக்கும்; அந்த நடுவில் நான் ஓட்டுவது அபூர்வம். தவிர, கம்ப்யூட்டர் உண்மையான ஷாக் என்று நினைத்து அந்த ரெசிஸ்டருக்கு மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், அது சூடாகும், அதைப் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் டேப் சுற்றித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. இரும்புச் சட்டத்தோடு திருகி வைத்தால் சரி. பின்பக்கம் காற்றுப்பையும் போய்விடும் என்பதால் பாரம் ஏற்றுகிறவர்கள் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், இதை விற்கிறவர்கள் சத்தமில்லாமல் தாண்டிப்போவார்கள்.

கம்பியைக் கழற்றி அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. காந்த எண்ணெய் வகையில் மின்சாரம் இல்லை என்றால் ஷாக் அதன் மிக மென்மையான நிலையில் கிடக்கும். இரண்டரை டன்னை அந்த நிலையில் ஓட்ட வேண்டாம்.

பழையதைப் புதுப்பித்து விற்பது இரண்டாவது வழி. நல்ல இடமாகக் கிடைத்தால் தப்பில்லை, பழைய உடலை வைத்துக்கொண்டு சீல், எண்ணெய், காற்றுப்பை எல்லாம் புதிது போடுவார்கள். ஆனால் தண்டு புதிதா பழையதா என்று கேட்டேன், இரண்டு பேரிடம் நேரான பதில் வரவில்லை, விட்டுவிட்டேன். மூன்றாவது, வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருகிற அசல். நான்காவது, அதே அசலை அந்த ஷாக்கைச் செய்கிற கம்பெனி தன் சொந்தப் பெட்டியில் போட்டு விற்பது. இந்த நான்காவதைத்தான் வாங்கினேன். ஷாக்கை வண்டிக் கம்பெனி செய்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஸாக்ஸ், பில்ஸ்டைன், மொன்ரோ, காந்த எண்ணெய் வகை என்றால் பிடபிள்யூஐ என்று செய்கிறவர்கள் வேறு. எல்லா வண்டிக்கும் இப்படித் தனிப் பெட்டி கிடைக்காது, கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். பழைய ஷாக்கின் மேல் ஒட்டியிருக்கும் பாக எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேடினால் குழப்பம் வராது, அதுவும் இடது வலது வேறு, வண்டியின் நீளம் வேறு என்றால் எண்ணும் வேறு.

பெட்டியைத் திறந்ததும் தெரிந்த வித்தியாசம் எடை. மலிவு ஜோடியைக் கையில் தூக்கிப் பார்த்திருந்ததால் இது தூக்கும்போதே கை சொல்லிவிட்டது. பின் ஷாக்கைப் பட்டை போட்டுச் சுருக்கிக் கட்டி அனுப்பியிருந்தார்கள், உள்ளே வாயு அழுத்தம் இருப்பதால் பட்டையை அறுத்தால் தானாக நீளும், முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அறுக்காதீர்கள். நான்கிலும் சுருளை அளந்தேன், சரி. கனெக்டரில் ரப்பர் வளையம் இருந்தது. வராமல் போனது முன்பக்கத்து மேல் மவுண்ட். பழையதையே போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார்களோ என்னவோ, 1,30,000 கிலோமீட்டர் ஓடின ரப்பரை எடுத்துப் புது ஷாக்கின் தலையில் எவன் வைப்பான்? அதை வரவழைக்க ஒரு நாள் வண்டி ஜாக்கி ஸ்டாண்டில் நின்றது. பெட்டியோடு வந்த குறிப்பும் வெறும் படம், அதிலும் எந்த போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்று ஒரு எண் கிடையாது. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பொருளுக்கு என் பக்கத்திலிருந்து மதிப்பெண் குறைவது இந்த இரண்டுக்கும்தான்.

இந்தத் தடவை வேறு மெக்கானிக். நானும் கூடவே நின்றேன், அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை தொடங்கும் முன்பே அவர் மேல் நம்பிக்கை வந்தது. பையன் காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஷாக்கின் மேல் நட்டுக்குப் போனான், இவர் அங்கிருந்தே, “டேய், அதுக்கு கன் வைக்காதே, கைப்பானா எடு” என்றார். எலக்ட்ரானிக் ஷாக்கில் மின்கம்பி தண்டுக்கு நடுவேதான் உள்ளே போகிறது. துப்பாக்கியால் அடித்துத் தண்டைச் சுழலவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்திருக்கும். புது ஷாக்கை பூட்டின அன்றே கொல்லும் வழி இது.

முன்பக்கம்தான் பெரிய வேலை. ஸ்டெபிலைசர் லிங்க், டை ராட், மேல் ஆர்மின் பால் ஜாயின்ட் மூன்றையும் விடுவித்து, உயர சென்சாரின் சின்ன கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்து (இதை மறந்து ஆர்மைத் தொங்கவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் முட்டு ஒடியும், பார்த்திருக்கிறேன்), பிரேக் ஹோஸில் பாரம் விழாமல் கம்பியில் தூக்கிக் கட்டி, அப்புறம் கீழே இரண்டு போல்ட், மேலே மூன்று நட். முழு அமைப்பாக வெளியே வந்ததும் ஸ்பிரிங்கைச் சுருக்கி பழைய ஷாக்கை உருவி புதிதைப் போட வேண்டும். இந்த ஒரு கட்டத்தை மட்டும் வீட்டில் முயலாதீர்கள் என்பேன். இவ்வளவு பெரிய வண்டியின் ஸ்பிரிங்கில் அடக்கிவைத்திருக்கும் விசை வாடகைக்கு வாங்கின கொக்கி நழுவினால் ஆளை எடுத்துவிடும். அவர் சுவரில் பதித்த பெரிய அமுக்கியில் வைத்துச் செய்தார், அப்போதும் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

பின்பக்கம் எளிது என்று நினைத்தோம், இல்லை. கீழ் போல்ட் இரண்டும் துருப்பிடித்து, புஷ் எனப்படும் ரப்பர் வளையத்துக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒன்றாகிவிட்டிருந்தன. முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டும் ஒன்று வந்தது, இன்னொன்று சூடு காட்டித்தான் வந்தது. போல்ட் புதிதாக வாங்கிவைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். காற்றுக் குழாயைப் பிடுங்குவதற்கு முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். பழைய குழாயின் முனையில் கீறல் இருந்தால் ஒரு துளி நேராக வெட்டிவிட்டுச் சொருகினால் புதுப் பிடிமானம் கிடைக்கும், பிறகு சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்த்தார். அச்சுக்குக் கீழே ஜாக்கி கொடுத்திருந்தார், ஷாக்கைக் கழற்றியதும் அச்சு தொங்கி ஹோஸையும் கம்பியையும் இழுத்துவிடும் என்பதால்.

பிறகு பலரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம். புஷ் வழியாகப் போகும் கீழ் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்கக் கூடாது. ரப்பர் அந்த நிலையில் பிடிபட்டுவிடும், வண்டியை இறக்கினதும் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் அரை விரல் மாறும். வண்டியைத் தரையில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்துதான் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் பானா போட வேண்டும். அவர் மூன்று சக்கரத்துக்கு அப்படித்தான் செய்தார். நான்காவதற்கு நான் டீ குடிக்கப் போயிருந்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முன்னால் இரண்டுக்கும் ஒரு முழு நாள், பின்னால் அரை நாள், மவுண்டுக்காகக் காத்திருந்த நாள் தனி. முடிந்ததும் ஸ்கேனரில் உயர சென்சாரைப் புது மட்டத்துக்குப் பதிவு செய்து, பழைய எரர் கோடுகளை அழித்து, மறுநாள் வீல் அலைன்மென்ட். ஷாக்தானே, அலைன்மென்ட் எதற்கு என்று கேட்காதீர்கள், டை ராடைக் கழற்றியிருக்கிறது, மவுண்ட் புதிது, முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் எழும்பியிருந்தது.

ஓட்டினால்? ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு வடிகால் மூடி துருத்திக்கொண்டு இருக்கும், போகும்போது அதில் ஏறி தொம் என்று அதிர்ந்துதான் உள்ளே போயிருந்தேன். திரும்பும்போது ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான், வண்டி அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. பிரேக் போட்டால் முகம் குனிவது பாதிக்கும் கீழே. பாலம் சேருமிடத்தில் இருந்த மிதப்பு இல்லை. ஸ்போர்ட்டுக்கு மாற்றினால் இருக்கையில் தெரிகிறது, இத்தனை நாள் அந்தப் பட்டன் வெறும் அலங்காரமாக இருந்ததை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. ஒன்று சொல்ல வேண்டும், சின்னக் கற்கள், சாலை ஒட்டுப்போட்ட விளிம்பு இதெல்லாம் முன்பைவிட அதிகம் கைக்குத் தெரிகிறது. பழைய ஷாக் பஞ்சு மெத்தை மாதிரி எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டு நாள் “இதுக்கா இவ்வளவு செலவு பண்ணினோம்” என்று வீட்டில் கேட்டார்கள், முதல் நீண்ட பயணத்துக்கு அப்புறம் கேட்கவில்லை. அம்மா மூன்றாவது வரிசையில் தூங்கிவிட்டார்.

புது டயரில் விழுந்திருந்த அலை மட்டும் போகவில்லை, போகாது. அறுபது எழுபதில் ஒரு ரீங்காரம் இருக்கிறது, அந்த டயர் தேய்ந்து தீரும்வரை அதோடுதான் வாழ வேண்டும். ஷாக்கை முதலில் மாற்றியிருந்தால் அந்த நான்கு டயரின் பணம் மிச்சம்.

யாருக்குச் சொல்வேன் என்றால், வண்டி வேறு எல்லா வகையிலும் திடமாக இருக்கிறது, இன்னும் நான்கைந்து வருஷம் வைத்திருப்பீர்கள், ஆளும் பாரமும் மாறி மாறி ஏறும் என்றால் இதையே வாங்குங்கள். ஒரு அச்சுக்கு ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்று மட்டும் புதிது என்றால் வளைவில் ஒருபக்கம் ஒரு மாதிரி சாயும். நான்குக்கும் ஒரே நேரத்தில் கைவராது என்றால் எது அதிகம் வழிந்திருக்கிறதோ அந்த அச்சை முதலில் மாற்றுங்கள். ஒரு வருஷத்தில் விற்கப் போகிற வண்டிக்கு இந்தச் செலவு செய்யாதீர்கள், வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்வதே மேல்.

கடைசியாக அந்த நான்காவது சக்கரம். இடது முன்பக்கம், மெதுவாக வாசல் படியில் ஏறும்போது மட்டும், பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு கிறீச். மவுண்ட் இல்லை, ஸ்பிரிங் உட்காருமிடமும் இல்லை, இரண்டையும் பார்த்தாகிவிட்டது. மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பையன் தூக்கி வெச்சபடியே டைட் பண்ணிருப்பான் சார்” என்றார். வருகிற சனிக்கிழமை வண்டியைத் தரையில் நிறுத்தி அந்தக் கீழ் போல்ட் இரண்டையும் தளர்த்தி மறுபடி இறுக்கப் போகிறோம். அன்றைக்கு நான் டீ குடிக்கப் போவதாக இல்லை.